ஆயுத பூஜைக்கு லீவு எடுக்காத அணுக்கள்

இரண்டாயிரங்களின் பிற்பாதியில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையோரம் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். ருபீடியம் அணுக்களை லேசரால் அடக்கி, காந்தப் பொறியில் பிடித்து, விண்வெளியிலும் இல்லாத குளிருக்குக் கொண்டுபோவோம். அந்த அணுமேகத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவவிட்டால் கோரைப்பாய் மாதிரிக் கோடுகள் தெரியும். எனக்கு வேண்டியது கோடுகளல்ல, அவற்றின் நெளிவு. ஒரு குவாண்டம் புலம் இடத்துக்கு இடம் தானாக எப்படி நடுங்குகிறது என்பது அந்த நெளிவில்தான் இருக்கிறது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நம்பவில்லை. "பக்கத்துல ஒர்க்‌ஷாப். லேத் ஓடினா காந்தப்புலம் ஆடும். அந்த ஆட்டத்ததான் நீ குவாண்டம் நடுக்கம்னு சொல்ற. தீசிஸ்ல இத சேர்க்க முடியாது" என்று முடித்துவிட்டார். என் ஆய்வே அந்த அத்தியாயம்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லேத்தை நிறுத்திக் காட்டலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கட்டடத்தில் ஏதாவதொரு மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம், ஓய்வு. மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். என்னோடு ஆய்வு செய்த கடப்பாக்கத்து நண்பன் குங்குமக் கிண்ணத்தோடு எங்கள் அறைக்கு வந்தான்.

"இன்னா நீ, அல்லாத்தையும் ஆஃப் பண்ட்டாங்க. இதுக்கும் ஒரு நாளு ரெஸ்ட் குடு."

"அயனி பம்ப நிறுத்தினா வெற்றிடம் போயிடும், அப்புறம் நீயா வந்து சரிபண்ணுவ? பொட்டு வேணா வை. சுவிட்சுல கை வெச்சே, தொலைச்சிடுவேன்!"

"சாமி குத்தம் ஆயிடப் போவுது" என்று சிரித்தபடி கருவி அலமாரிக்குப் பொட்டு வைத்தான். அப்போதுதான் கவனித்தேன், கட்டடமே அமைதியாக இருந்தது. மோட்டாரே இல்லாத எங்கள் பம்பைத் தவிர எதுவும் ஓடவில்லை. பேராசிரியர் சொன்னது சரியென்றால் இன்று கோடுகள் நேராக வரவேண்டும். வராது என்று எனக்குத் தெரியும். உடனே படமெடுக்கத் தொடங்கினேன்.

முதல் படத்தில் கோடுகள் நெளிந்திருந்தன. அடுத்ததில் வேறோர் இடத்தில். எடுக்க எடுக்க, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

கையில் பொரியோடு வந்த பேராசிரியர் திரையைப் பார்த்ததும் நின்றார்.

"ஒர்க்‌ஷாப்ல யாராவது..."

"அங்க மெயினே ஆஃப் சார். பூஜை போட்டு பூசணிக்கா உடைச்சதே நீங்கதானே."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொண்ணு எடு" என்றார். எடுத்தேன். "இன்னொண்ணு." பொரியை மேசையிலேயே மறந்துவிட்டு, வெகுநேரம் கழித்து எழுந்தார். "எழுது, அந்தச் சாப்டர எழுது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவர் போனதும் நண்பன் திரைக்கு அருகே குனிந்து பார்த்தான்.

"ஊர்ல அல்லாத்துக்கும் லீவு வுட்டாச்சு. இது மட்டும் ஆடிகினே கீது பாரு!"