மதினிக்கு நான் வாங்கிக் கொடுத்த லைசன்ஸ்

மதர்போர்டு பெட்டியை மதினி பட்டுச் சேலைகளுக்கு நடுவில்தான் வைத்திருந்தாள். சாரல் காலத்தில் அவளுடைய மேலகரத்து வாடகை வீட்டில் பொரித்த அப்பளம் ஒரு மணி நேரம்கூட மொறுமொறுப்பாக இருக்காது. ஈரம் புகாத இடமென்று அவள் நம்பியது அந்தப் பீரோவை மட்டும்தான். ஒரு மாதம் கேபினெட், ஒரு மாதம் ராம் என்று ஒவ்வொரு பாகமாக வாங்கி, பாச்சை உருண்டை வாசனைக்குள் சேர்த்து வைத்தாள். எல்லாம் சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். தென்காசியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை எனக்கு. குடும்பத்தில் யாருக்கு ஒரு வயரைச் செருக வேண்டும் என்றாலும் நான்தான் ஓட வேண்டும்.

அண்ணன் துபாயில் இருந்தான். மதினி கீழப்பாவூரில் எங்கள் வீட்டில்தான் ஆறு வருடம் இருந்தாள். பிறகு மகளின் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்லி மேலகரத்துக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் ஒரு சாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவோடு ஒரே அடுப்படியில் அவளால் இருக்க முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு டைப் செய்து அனுப்பும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. தனி வீட்டில் இருப்பதற்கு அந்த வேலைதான் அவளுக்குப் பிடிமானம். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாமே முறையாக லைசன்ஸ் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வேலைக்குள் நுழையும்போதும் அவர்களே அங்கிருந்து சோதித்துக்கொள்வார்கள்.

மதினி எதையும் படித்துவிட்டுத்தான் பேசுவாள். “தம்பி, ஓஎஸ் லைசன்ஸுல ரெண்டு வகை இருக்காம்லா? நான் எங்க போனாலும் கூட வருததா பாத்து வாங்குங்க” என்றாள்.

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் மதினி” என்றேன். எனக்கு அன்றைக்கும் நிதானம் கிடையாது. ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். கம்ப்யூட்டரை இயக்குகிற அந்த ஓஎஸ் மென்பொருளில் அவள் சொன்ன வகை ரீடெய்ல். பழைய கம்ப்யூட்டர் போனாலும் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று ஓஇஎம், முதலில் எந்த போர்டில் ஏற்றுகிறோமோ அந்த போர்டோடு அதன் கதை முடிந்தது. நான் ஓஇஎம் வாங்கினேன். விலை குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் பிறந்ததும் வீட்டின் சொந்தக்காரர் முன்னறையைக் கேட்டார். குற்றாலம் போகிற வழியில் இருக்கிற வீடுகளில் அது வழக்கம்தான். சீசன் முடிகிறவரை முன்னறையைக் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள். குடியிருப்பவர்கள் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரும் பின்னறைக்குப் போனது. அங்கே ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது; சாரல் உள்ளே அடிக்கும். முன்னறையில் யார் யாரோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாட்டுப் போட்டார்கள். மதினி கதவை அடைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி டைப் செய்வாள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. போர்டு போய்விட்டது.

கடையிலிருந்து வேறு போர்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். மாட்டி எழுப்பியதும், இந்த லைசன்ஸ் இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல என்று திரையில் வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். கடையில் இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். “ஒண்ணும் ஆவாது மதினி, நீங்க வேலைய ஆரம்பிங்க. சாயங்காலம் வந்து சரி பண்ணுதேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மத்தியானம் போன் வந்தது. சோதனையில் லைசன்ஸ் சிக்கி, நிறுவனத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரே வரியில் பதில்.

நான் போனபோது மதினி, லைசன்ஸ் வாங்கிய பில்லை மடியில் விரித்து வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன்.

“போர்ட மாத்துனா இது வராதுன்னு வாங்கும்போதே தெரியுமா தம்பி?”

“தெரியும் மதினி.”

“பொறவு ஏன்?”

விலை என்று ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் ஒரு வருசத்துல கீழப்பாவூருக்குத் திரும்பிருவேன்னு நீங்களும் நெனச்சிட்டீங்க, என்ன?” என்று கேட்டாள்.

அதுதான் உண்மை. “ஆடுத வரைக்கும் ஆடட்டும்லே, பொறவு இங்கனதான வரணும்” என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நான் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். மதினி பக்கம் நிற்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. வாங்கும்போது மட்டும், இந்தக் கம்ப்யூட்டர் சீக்கிரம் நம் வீட்டுக்கு வந்துவிடும், பிறகு எதற்கு அதிகச் செலவு என்று என் கை முடிவு செய்துவிட்டது. அம்மா வாயால் சொன்னதை நான் செய்து முடித்திருந்தேன்.

வாடகை கொடுக்க வழியில்லாமல் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதம் இருந்தாள். அம்மா அவளுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு ஆக்கிப் போட்டாள். ஏழாவது மாதம் ரீடெய்ல் லைசன்ஸைத் தன் பெயரில் அவளே வாங்கினாள். வேலையும் திரும்பக் கிடைத்தது. இப்போது மதுரையில் இருக்கிறாள். இரண்டு கம்ப்யூட்டர் மாறிவிட்டன, லைசன்ஸ் அதேதான். அதன் பிறகு என்னிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை.

இந்த மாதம் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். கடையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விடலாமா என்று ஒரு வருடமாக மனது அலைகிறது; இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாளாக இரண்டு லைசன்ஸ் பக்கங்களையும் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எந்த வகையை வாங்குவது என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் நேற்று மதினிக்குப் போன் செய்து கேட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுவாகத்தான் இருந்தது.

மதினி சிரித்தாள். “உங்களுக்கென்ன தம்பி, நீங்க கீழப்பாவூர விட்டு எங்க போவப் போறீங்க? போர்டோட கெடக்குதது போதும்” என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். நான் போகப்போகிறேன் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். சரி மதினி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பின்னறையில் பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு நேற்றுதான் புரிந்தது.