மருமகன் வண்டியின் சீட்டுக்கு அடியில்

பெட்ரோல் பங்க்கில் யாராவது புது மோட்டார் சைக்கிளோடு நின்றால் சகாபுதீன் தன் டிவிஎஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் பக்கத்தில் போய்விடுவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, இதுல பிளக்கக் கழட்டணும்னா எதையெல்லாம் கழட்டணும்?"

மைலேஜ் கேட்பார், விலை கேட்பார் என்று நின்ற ஆள் முழிப்பான். "தெரியல பாய், சர்வீசுக்கு விட்டா அவுகளே பாத்துக்குவாக" என்பான். சகாபுதீனுக்கு அந்த வண்டி மேல் பாவமாக இருக்கும்.

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குக் கைலி, நைட்டி மூட்டை ஏற்றிப் போய் விற்கிறவர் அவர். கரிசல் காட்டு நடுவில் வண்டி நின்றால் கூப்பிட ஆள் கிடையாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து சொந்தக் கையால் பார்க்க முடிகிறதுதான் அவர் கணக்கில் வண்டி. டிவிஎஸ்ஸில் பிளக் கண்ணெதிரே இருக்கிறது, ஒரு ஸ்பானர் போதும். சிநேகிதர் உக்கிரபாண்டி வைத்திருக்கும் பழைய நூறு சிசியும் பரவாயில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டலாம், ஏர் பில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடலாம்.

மகள் நர்கிஸுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பாலவனத்தம் போனபோது எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள். இவர் வெளியே நின்ற மாப்பிள்ளை வண்டியின் செயினை விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் ஒட்டியது. "நல்ல பய, முடிச்சுருவோம்" என்று மனைவி ஷம்சாத் பேகத்தின் காதில் சொன்னார்.

அந்த மாப்பிள்ளை பாசித், சவுதிக்குக் கிளம்பும்போது வண்டியை மாமனார் வாசலில்தான் விட்டுப் போனான். "என் வண்டிய நீங்க பாத்துக்கங்க மாமா. வேற யாரையும் தொட விடாதீக."

புது மாதிரி வண்டி. கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல் குழாயைத் திருகி மூட வழியில்லை. சாவியைப் போட்டால் உள்ளுக்குள் எதுவோ 'உய்ங்' என்று இழுத்து நின்றது. அது என்ன என்று அவருக்குத் தூக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டார். எலி போகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தார். பழைய சேலையால் மூடினார்.

பிறகு நர்கிஸ் பிரசவத்துக்கு வந்து, பேத்தி ஷஹீனா பிறந்தாள். நன்னாவாகிவிட்ட சகாபுதீனுக்கு எந்த வண்டிச் சத்தமும் எதிரியானது. தன் டிவிஎஸ்ஸையே மூட்டையோடு தெருமுனை வரை தள்ளிப் போய்த்தான் உதைத்தார். மருமகன் வண்டி சேலைக்குள் வாய்மூடி நின்றது.

போன வாரம் பாசித் போன் செய்தான். "மாமா, வாரேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு என் வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. நானே ஓட்டிட்டு வந்துதான் பிள்ளையப் பாக்கணும்."

"புத்தம்புதுசா கொண்டாறேன் மருமகனே" என்று வாக்குக் கொடுத்தார்.

அவன் வருவதற்கு முந்தின நாள் காலையில் சேலையை எடுத்தார். ரொம்ப நாள் நின்ற வண்டியை ஏர் பில்டர் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணுவது அவருக்குப் பழக்கமில்லை. அதோடு பிளக் எங்கே இருக்கிறது என்று இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்ற ஆசை வேறு. சீட்டைக் கழற்றினார்.

உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. அவர் வண்டி துடைக்கத் தறிக்கூடத்திலிருந்து வாங்கிச் சாக்கில் வைத்திருந்த வேஸ்ட் பஞ்சேதான். ஏர் பில்டருக்குக் காற்றுப் போகிற வாய்க்குள் பந்தாகத் திணித்திருந்தது. விரலால் விலக்கினார். கண் திறக்காத அணில் குஞ்சுகள், ரோஸ் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்நேரம் வந்த உக்கிரபாண்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே சகாபு, வாய அடைச்ச, மூக்க விட்டுட்டியேலே!"

"சும்மா கெட. இப்ப என்ன செய்ய?"

"எடுத்து ஒரு பெட்டில வையி. தாய் வந்து தூக்கிட்டுப் போயிரும்."

"தூக்காட்டி?"

இருவரும் தள்ளி நின்று காத்திருந்தார்கள். வேப்ப மரத்திலிருந்து தாய் அணில் இறங்கி வந்தது. தூக்கிக்கொண்டு போகும் என்று பார்த்தால், சாக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் பஞ்சைக் கவ்வி உள்ளே கொண்டுபோனது.

"வீட்டுக்காரி முடிவு பண்ணிட்டா" என்றார் உக்கிரபாண்டி.

உள்ளேயிருந்து ஷம்சாத் குரல் கொடுத்தாள். "பச்சப்புள்ள இருக்கற வீட்டுல அதுகளக் கலைச்சீகன்னா பாத்துக்கங்க!"

"மருமகனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"அது உங்க பாடு."

சகாபுதீன் பஞ்சை முன்போலவே மூடினார். சீட்டை அலுங்காமல் பொருத்தினார். மனசு கேட்காமல், பின் சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்ல உருட்டிச் செயினுக்கு மட்டும் எண்ணெய் விட்டார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பாசித் மாமனாருக்கு சலாம் சொன்னான். கண் மட்டும் வண்டியைத் தேடியது.

"மாமா, என் வண்டி?"

"வண்டி நல்லாருக்கு மருமகனே. எடுக்கத்தான் முடியல. வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

டிவிஎஸ்ஸின் முன்னால் பெரிய பெட்டி, பின்னால் மருமகன், மூஞ்சி தெரியவில்லை. பாளையம்பட்டி வரும் வரை சகாபுதீன் வெயிலைப் பற்றியே பேசினார்.

வாசலில் இறங்கிய பாசித் வண்டிப் பக்கம் திரும்பாமல் உள்ளே ஓடினான். வெகுநேரம் கழித்து ஷஹீனாவை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தான். சகாபுதீன் சீட்டைத் தூக்கி, பஞ்சை விலக்கிக் காட்டினார். வேப்ப மரத்தில் தாய் அணில் கத்தித் தீர்த்தது. பாசித் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்ப மாமா கண்ணு தொறக்கும்?"

"தெரியலயே மருமகனே. பாப்பம்."

பாசித் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் செயினைத் தொட்டான். எண்ணெய் ஒட்டியது. விரலை மாமனாரிடம் காட்டிச் சிரித்தான்.

"அன்னைக்கு நீங்க என் செயினத் தொட்டுப் பாத்ததுல இருந்து நர்கிஸ் எல்லாம் சொல்லிருக்கா மாமா. நானும் நல்ல மாமனாராத்தான் பாத்து முடிச்சிருக்கேன்."

சகாபுதீனுக்கு மூச்சு வந்தது.

"அது சரி மாமா, பிளக்குக்கு எதெல்லாம் கழட்டணும்னு கண்டுபிடிச்சீகளா?"

"சீட்டோட நின்னு போச்சு மருமகனே" என்றார் சகாபுதீன். பிறகு குரலைத் தாழ்த்தி, "குஞ்சுக போனதும் நீங்களும் இருப்பீகள்ல? ரெண்டு பேருமாப் பாத்துருவமா?" என்றார்.