இரண்டு வயலின்களும் கொயினாவும்

குற்றாலத்தில் சீசன் முடிந்து தென்காசி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“இங்க பாருங்க, இந்த வருசம் அருவிச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குதே. அவ்வளவு தண்ணியா விழுது?”

“ஏட்டி, மூணு மைல் தள்ளி விழுத தண்ணி உனக்கு இங்க கேக்குதாக்கும்? போய் வேலையப் பாரு” என்றேன்.

போனாள். சாயங்காலம் மறுபடி அதையே கேட்டாள். அருவி அவள் காதுக்குள்ளேதான் விழுந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குப் புரியச் சில நாட்கள் ஆயின.

காரணம் கொயினா மருந்து. ஆவணியில் அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கொயினா கொடுத்தார். காய்ச்சல் நின்ற பிறகும் கொடுத்தார். காதில் இரைச்சல் என்று போய்ச் சொன்னபோது, “அது அப்படித்தான் இருக்கும், தானே போயிரும்” என்று சொல்லி இன்னும் கொடுத்தார். திருநெல்வேலியில் இருந்த வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். போன காது திரும்பாது, மிச்சம் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. முதல் டாக்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அழவில்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“முழுசாப் போறதுக்குள்ள அந்த மெதுவாப் போற துண்டை நல்லாக் கேட்டுக்கிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவள் எதைச் சொன்னாள் என்பதை நான் விளக்கியாக வேண்டும். குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடும் பங்களாக்களை மேற்பார்வை பார்ப்பது அப்போது என் உத்தியோகம். பெரிய பங்களாவின் பின்கட்டில் சீசன் முடியும் வரை நாங்கள் குடியிருப்போம். ஒரு வருஷம் அங்கே ஒரு துரைசாணி தங்கினாள். சாரல் விழுந்து வெளியே போக முடியாத மத்தியானங்களில் கிராமபோன் வைப்பாள். என் மனைவி பின்பக்க ஜன்னலடியில் நின்று கேட்பாள். சோறு குழைந்து போகும். நான் சத்தம் போடுவேன். அடுத்த நாளும் நிற்பாள். கடைசியில் துரைசாணி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. பேசிக்கொள்ள வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை. சீமைக்குப் போகும்போது கிராமபோன் பெட்டியையும் இசைத்தட்டுகளையும் இவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் ஒரே சாதி இசை. ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒரு கூட்டம் பின்னால் இருக்கும். இரண்டு பேர் முன்னால் நின்று வாசிப்பார்கள். ஒன்றில் புல்லாங்குழலும், யாழ் போன்ற ஒரு பெரிய வாத்தியமும். எனக்கு அது பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. “கலியாண வீட்டுல ரெண்டு சம்பந்திமாரும் மரியாதைக்குப் பேசுத மாதிரி இருக்கு” என்பாள். இன்னொன்றில் வயலினும், அதன் அண்ணன் போலக் கனத்த குரல் உள்ள பெரிய வயலினும். அது அவளுக்குப் பரவாயில்லை. மூன்றாவதில் இரண்டு வயலின்கள். அவள் உயிரை வைத்திருந்தது அதில்தான்.

தென்காசிக் கோயிலில் இரண்டு நாகசுரம் சேர்ந்து வாசித்துக் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் ஒன்றையே வாசிப்பார்கள். இந்தத் தட்டில் அப்படி இல்லை. ஒருவன் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் மற்றவன் அதையே கீழிருந்து ஆரம்பிப்பான். முதல் ஆள் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருப்பான். பிறகு இவன் மேலே போவான், அவன் கீழே வருவான். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வதே இல்லை. ரயிலில் அவள் சொன்ன, நடுவில் வரும் மெதுவான பகுதி ஒரு தட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஒரு பக்கம் தீர்ந்ததும் எழுந்து திருப்பிப் போட வேண்டும். இசை படித்தவர்கள் நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்களுக்குக் கேட்டது இதுதான்.

ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு மதினியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. பாயில் ஒரு பாதி மிளகாய் வற்றல். மறு பாதியில் எங்கள் தட்டுகள்.

சாரல் காலம் முடிந்தால் எங்கள் ஊரில் யாரும் செய்வதுதான் அது. புளி, மெத்தை, டிரங்குப் பெட்டி, பத்திரக் கட்டு, எல்லாவற்றிலும் பூசணம் பிடித்திருக்கும். எல்லாவற்றையும் வெயிலில் போடுவோம். வெயிலில் போட்டுக் கெட்டது எதுவும் இல்லை என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் தட்டு அரக்கில் செய்தது. புரட்டாசி வெயிலில் அத்தனையும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன.

மதினி சிரித்த முகத்தோடு வந்தாள். “பூசணம் பூத்துக் கெடந்துது அண்ணாச்சி. துடைச்சுக் காய வச்சேன். இன்னும் ஒரு வெயில் காட்டினா போதும்.”

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. தெருவே வந்து நின்றது. என் மனைவிதான் நடுவில் வந்தாள்.

“விடுங்க. அவ நல்லதுக்குத்தான் செஞ்சா. நம்ம வீட்டுல இருந்திருந்தா நானே காயப்போட்டிருப்பேன்.”

விஷயம் தெரிந்ததும் மதினி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதால் தட்டு நிமிருமா? நிமிராது என்று அதையும் சொல்லிவிட்டேன்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். வெயிலில் இளகி வளைந்தது, வெயிலில் இளகினால்தான் நிமிரும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். அந்த அகலத்துக்குக் கண்ணாடிக்கு எங்கே போவது? மதினி தன் வீட்டுச் சுவரில் இருந்த பெரிய சாமி படங்கள் இரண்டைக் கழற்றி, கண்ணாடியை உருவிக்கொண்டு வந்தாள்.

“ஏளா, சாமி படத்தையா பிரிச்ச?” என்றாள் என் மனைவி.

“சாமிக்குக் கண்ணாடி எதுக்கு? அவருக்கு என்ன, தூசியா ஒட்டப்போவுது? ஒட்டினா நான் துடைச்சுக்கிடுதேன்.”

முதலில் புல்லாங்குழல் தட்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். அம்மிக் குழவியை மேலே ஏற்றினேன். முக்கால்வாசி நிமிர்ந்தது. அடுத்து வயலின் தட்டை வைக்க வேண்டும். அன்றைக்கு வானம் மூடியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையைப் போல் எதையும் நான் திட்டியதில்லை. தினமும் விடியுமுன் முற்றத்தில் போய் நிற்பேன். மேற்கே மலையே தெரியாது. விறகு அனலில் காட்டலாமா என்று ஒரு நாள் எடுத்தேன். மனைவி கையிலிருந்து பிடுங்கி வைத்தாள். “பொசுங்கிச்சின்னா அதோட போச்சு. வெயில் வரும், பொறுங்க.”

வெயில் வரவில்லை, காது போய்க்கொண்டிருந்தது. முதலில் டம்ளரில் கரண்டி படும் ஓசை போயிற்று. பிறகு குருவிச் சத்தம். திருவிழாவில் சாமி எங்கள் தெரு வழியாக வந்தபோது வாசலில் நின்றவள் என்னிடம் கேட்டாள்: “மேளம் மட்டும் வருதே, நாகசுரக்காரர் வரலையா?” நாகசுரக்காரர் அவளுக்கு எதிரே நின்று கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறந்து வானம் வெளுத்தது. கண்ணாடிக்கு நடுவே தட்டை வைத்து, நானும் மதினியும் நிழல் விழாதபடி பாயை நகர்த்தி நகர்த்திக் காத்திருந்தோம். தட்டு ஓரளவு நிமிர்ந்தது. சுற்றும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கியது. முள் தாவவில்லை, அது போதும். ராகம் மட்டும் கொஞ்சம் அசைந்தது, தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல.

அவள் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து வலது காதைக் கொடுத்தாள். அதுதான் கொஞ்சம் மிச்சம் இருந்த காது. நான் முள்ளை வைத்தேன். மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“பின்னால வாசிக்கிற கூட்டம் கேக்குது. அந்தத் தடிச்ச சத்தம் இருக்கு. அவிய ரெண்டு பேரையும்தான் காணோம்.”

இரண்டு பேரும் இருந்தார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. ஒருவன் மேலே போய்க்கொண்டிருந்தான், மற்றவன் கீழிருந்து அவனைத் தேடிக்கொண்டிருந்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? மதினி அழ ஆரம்பித்தாள். நான் முள்ளை எடுக்கக் கையை நீட்டினேன்.

“எடுக்காதீங்க” என்றாள்.

கண்ணை மூடி அந்தத் தடித்த சத்தத்தைக் கவனித்தாள். அதை வைத்து எந்த இடம் என்று கண்டுகொண்டாள். பிறகு வாயைத் திறக்காமல் முனக ஆரம்பித்தாள். முதல் வயலின் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. தாளம் பிசகவில்லை. ஆனால் சுருதி சேரவில்லை. அவளுக்குத் தன் குரலே சரியாகக் கேட்காதபோது எப்படிச் சேரும்?

பாதியில் நிறுத்தி, “சரியா வருதா?” என்று கேட்டாள்.

“நல்லா வருதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் மதினி என் முதுகுக்குப் பின்னால்.

நான் அப்படிச் சொல்லவில்லை. என் மனைவியின் முன்னால் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினேன். சுருதி இறங்கியிருக்கிறது, ஏற்ற வேண்டும் என்று அர்த்தம். அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தட்டை மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னாள். முனகினாள். கையை மேலே தூக்கினேன், குரலை ஏற்றினாள். அதிகம் போனாள், கையைத் தாழ்த்தினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல தடவை தப்பி, ஓரிடத்தில் அவள் குரல் முதல் வயலினோடு போய் ஒட்டியது. நான் கையை அசையாமல் அங்கேயே நிறுத்தினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் தீரும் வரை பாடினாள்.

தை முடிவதற்குள் அந்தத் தடித்த சத்தமும் அவளுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் தட்டை வைத்து, தான் பாடும்போது கையைக் காட்டச் சொல்லிக் கேட்பாள். காட்டுவேன். ஒரு நாளும் பொய்யாகக் காட்டியதில்லை.