செல்வலட்சுமியின் கையில் சாவிக்கொத்து

செல்வலட்சுமிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு உண்டு. இரண்டு வேளை மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம். போன தீபாவளி வரை நாலு வருஷமாக ஒருதரம்கூட விழவில்லை. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடைக்கிற வேலை. கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற மகளும் இருக்கிறாள். இப்படி ஒருத்தியை எந்தச் சீரியலும் காட்டாது.

சீரியலில் நாயகி நுரை தள்ளி விழுவாள். யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணித்ததும் கண் திறப்பாள். விளம்பரம் முடிவதற்குள் அவள் கல்யாணம் நின்றுவிடும். எழுதுகிறவர்களுக்கு ஒரு டாக்டரிடம் கேட்கக்கூடவா நேரமில்லை? பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன தீபாவளி சீசனில் மருந்துக்கடையில் மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் தவறிப்போனது. மூன்றாம் நாள் வேலையிடத்தில் விழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஆவுடைத்தாய் சீரியலை ஒருநாளும் விடாதவள். கேட்டுக்கு ஓடி வாட்ச்மேனின் சாவிக்கொத்தை அள்ளிக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நுழைகிற இடம் அது. இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அத்தனை பேரும் கரிக்கட்டை. செல்வலட்சுமியின் வெட்டியிழுக்கும் கையில் நிற்காமல் கொத்து தரையில் விழுந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் போர்மேன் முத்துப்பாண்டி அவளைக் கேட்டிலேயே மறித்தார்.

"இனிமே வேலைக்கு வராத தாயி. ஒன்னால நேத்து எல்லாருஞ் செத்திருப்போம்."

"என்னாலயா அண்ணாச்சி? நான் கீழ கெடந்தேன். உள்ள இரும்பக் கொண்டாந்தது யாரு?"

ஆவுடைத்தாய் அழுதுவிட்டாள். "டிவில அப்படித்தான லட்சுமி காட்டுதான்?"

"அவன் நடிக்கிற எடத்துல வெடிமருந்து இல்ல மதினி."

சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே வெறும் மண்ணில் அத்தனை பேருக்கும் முன்னால் படுத்துவிட்டாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க. தலைக்கு அடியில துணியச் சுருட்டி வைங்க. கையிலயும் வாயிலயும் ஒன்னுந் திணிக்காதீக. அஞ்சு நிமிசத்துல நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. அம்புட்டுத்தான். வந்து செஞ்சு பாருங்க."

முதலில் ஆவுடைத்தாய்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அவளைப் புரட்டிப் படுக்கப் போட்டார்கள். அவள் எழுந்தபோது தலையெல்லாம் மண்.

"மாத்திரை போட்டியா?" என்று மட்டும் முத்துப்பாண்டி கேட்டார்.

"போட்டாச்சு. நாளைக்கும் போட்டுட்டு வருவேன், நாளான்னைக்கும் வருவேன். கேட்டத் தொறங்க."