ஓடும் தண்ணீரில் விட வேண்டிய மாலை

எங்கள் பக்கம் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, ஆடிப்பெருக்கன்று ஓடும் ஆற்றில் விடுவார்கள். விட்டால்தான் குடும்பம் தழைக்குமாம். எனக்குக் கல்யாணமான வருஷம், எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் செய்யாறு வறண்டு கிடந்தது.

“ஆத்துல மணலுதான் கீது. நீதான் தெனம் மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்க்கினு கீறியே, அங்க வுட்டுட்டு வாம்மா” என்றார் மாமியார்.

பஸ், ரயில், அப்புறம் நாளெல்லாம் துணிக்கடையில் நிற்கும் வேலை. ஆடிப்பெருக்கன்று சாயங்காலம் வலிக்கிற காலோடு சைதாப்பேட்டையில் இறங்கி, அடையாற்றுப் பாலத்துக்கு நடந்தேன். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கீழே ஆகாயத்தாமரையில் யார் யாருடைய கல்யாண மாலைகளோ சிக்கிக் கிடந்தன. ஒன்றுகூட நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாலத்தோரம் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டுட்டுப் போம்மா. மழ வந்தா தானா போயிடும். என் பொண்ணு மாலையும் அப்பிடித்தான் போச்சு” என்றார்.

போட்டேன்.

“தண்ணி நல்லா ஓடுச்சா?” என்று வீட்டில் மாமியார் கேட்டார். “ஓடுச்சி அத்தை” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ரயில் அந்த ஆற்றைக் கடக்கும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் மட்டும் எட்டிப் பார்க்கிறேன். மாலை அங்கேயேதான் கிடக்கிறது. ஊரில்தான் மழைக்குக் காத்திருந்தோம். இப்போது பட்டணத்திலும் காத்திருக்கிறேன்.