என் பெயரில் பிறந்த குழந்தை

காலை பத்து இருபதுக்கு மருந்தகத்தில் என் அடையாள அட்டை எண்ணைச் சொன்னேன். "பாப்பாவுக்குத் தடுப்பூசி போட ஏன் வரல?" என்று தாதி கேட்டார். என் ஒரே மகன் தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருக்கிறான்!

சில மாதங்களுக்கு முன் விருந்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்தபோது, சிராங்கூன் சாலைக் கடையில் அட்டையைப் பிணையாகக் கொடுத்தேன். திருப்பி வாங்க மறந்திருந்தேன். கடைக்கு ஓடினேன்.

"வேலை பெர்மிட் முடிஞ்ச பொண்ணு, ஆஸ்பத்திரில பிரசவத்துக்குக் காட்ட உங்க அட்டையைக் கேட்டுச்சு. பாவம்னு குடுத்துட்டேன்லா," என்றார் கடைக்காரர்.

"நாளைக்கே போலீசுக்குப் போறேன்!" என்றேன்.

பயத்தைவிட, அவள் யார் என்று பார்க்கும் ஆவலே அதிகமாக இருந்தது.

கடைக்காரர் சொல்லி, அன்று மாலையே அவள் கைக்குழந்தையுடன் என் வீட்டுக்கு வந்தாள். அட்டையில் இருக்கும் என் இளவயது முகச்சாயல் அவளுக்கு. அட்டையை நீட்டினாள்.

"போலீசுக்குப் போங்கக்கா. ஆனா பர்த் சர்ட்டிபிகேட்ல உங்க பேரை எடுத்துட்டு, இவளுக்கு அம்மா நான்தான்னு எழுதச் சொல்லுங்க."