அமாவாசைப் பால்

ஏடு படிந்த பால் கிண்ணத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குக் குமட்டும். பால் என்ன பாவம் செய்தது? அதை ஊற்றிய கைகளை நினைத்துத்தான் குமட்டுகிறது.

என் மாமனாரின் அண்ணன் இளவயதிலேயே ரங்கூனுக்குப் போய், அங்கே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தார். சில வருஷத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். பிள்ளை கிடையாது. அவர் மனைவியை, என் பெரியத்தையை, கவனிக்கிற பொறுப்பு புதிதாக வந்த மருமகளான என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வயதிலும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார். பாலைக் கண்டால் மட்டும் மூக்கைப் பொத்துவார். "கன்னுக்குட்டி குடிக்கிறது. மனுசனுக்கு எதுக்கு?" என்பார். வரக்காப்பிதான் அவருக்கு.

அமாவாசையும் பௌர்ணமியும் அவருக்கு விரத நாள். புத்தருக்காக இருக்கிற விரதம். அன்று உச்சிப் பொழுதுக்கு மேல் சோறு தொடமாட்டார். கட்டிலில் ஏறமாட்டார், தரையில் பாய் விரித்துப் படுப்பார். இதெல்லாம் எனக்கு அவரே சொன்னது. வீட்டில் வேறு யாரும் கேட்டதே இல்லை. அந்த நாட்களில் அவருக்கு மட்டும் காலையிலேயே ஒரு பிடி ஆக்கிப் போட்டுவிடுவேன்.

ஒரு ஆடி அமாவாசைக்கு என் நாத்தனார், புருஷனின் அக்கா, சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். காக்காய்க்குச் சோறு வைக்குமுன் ஒருத்தரும் வாய் நனைக்கக்கூடாதென்று சட்டம் போட்டாள். அடுப்பை என்னிடம் விடவே இல்லை. வடை பாயசமெல்லாம் ஆகி, காக்காய் வந்து எடுப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பெரியத்தை இலையைப் பார்த்துக் கும்பிட்டார். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு உள்ளறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். மனம் எரிந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வாசல் நிறையத் தெருப் பெண்கள், மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தபடி. கட்டிலை விட்டுத் தரையில் கிடந்தால் நம் ஊரில் அது சாகப்போகிற உயிர். என் நாத்தனார் அதைக் கண்டுபிடித்துத் தெருவையே கூட்டியிருந்தாள்.

"சோத்தை வேண்டாங்கா. தானா எறங்கித் தரையில கெடக்கா. அமாவாசையில போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்லா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒருத்தி பெரியத்தையின் தலையை மடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தாடையைப் பிடித்திருந்தாள். ஆளுக்கொரு வாய் பால் ஊற்றினார்கள். சாணி தட்டிய கை, சளி துடைத்த கை, அத்தனையும் அந்த ஒரு கிண்ணத்துக்குள்தான் விரலை விட்டன. பால் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கன்னத்தில் ஏடு ஒட்டியிருந்தது, அதில் ஈ. சீ! அவர் திமிறினார்.

"உசிரு கெடந்து தவிக்கி" என்றாள் ஒருத்தி.

"மண்ணாசையா இருக்கும். கோயில் புத்துமண்ணைக் கரைச்சு ஊத்துங்க, அடங்கிரும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பர்மாக்காரிக்கு நம்ம ஊர் மண் கேட்குமா, பர்மா மண்ணுக்கு எங்கே போக என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு. பெரியத்தைக்கு மூச்சு முட்டிக் கண் செருகிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு வாய் ஊற்றினால் நிஜமாகவே கொன்றுவிடுவார்கள்.

"விடுங்க மைனி! அவுகளுக்கு ஒண்ணுமில்ல, விரதம்!" என்று கத்தினேன்.

"விரதம்னா பாலு குடிக்கலாம்லா ஏட்டி? நானும் வெள்ளிக்கெழமைக்குப் பாலும் பழமுந்தான்" என்று நாத்தனார் அடுத்த வாய்ப் பாலை அள்ளினாள்.

சாவுக்கும் பால், விரதத்துக்கும் பால்! கிண்ணத்தை ஓங்கித் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் பால். பெரியத்தை ஒருக்களித்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். என் மாமியார் என்னை அறைந்தார்.

"சாகக் கெடக்கவ வாய்ப்பாலைத் தட்டிவிட்டியே, நீ வெளங்குவியாட்டி?"

பெரியத்தை சாகவில்லை. இருட்டும் வரை முற்றத்தில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். தலைமுடியில் புளித்த வாடை. சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு, மறுபடி ஊத்துவாங்களா?" என்று கேட்டார். இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றினேன்.

"என் கையால ஊத்துன பாலு. போன உசிரு திரும்பிட்டு, பாத்தீகளா!" என்று நாத்தனார் பஸ் ஏறும் வரை பெருமை பேசினாள். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அடுத்த பௌர்ணமிக்குக் காலையிலேயே சோறாக்கி வைத்தேன். பெரியத்தை அதைத் தொடவில்லை. சாயங்காலம், பெண்கள் குடத்தோடு தெருவில் போகிற நேரம் பார்த்துக் கட்டிலை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தார். சோறு கேட்டார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி பெரிய பெரிய கவளமாக உருட்டி விழுங்கினார். அதன்பிறகு சாகும்வரை அவர் விரதம் இருக்கவே இல்லை.